வெப் பக்கத்தில் படம் வரைய எந்த லைப்ரரி? பாம்பன் கரையிலிருந்து புதியவர்களுக்கு

எங்கள் பக்கத்துச் சம்மாட்டிகள் (படகு உரிமையாளர்கள்) சிலர் சேர்ந்து ஒரு வெப் பக்கம் கேட்டார்கள். அன்றைய காற்று, அந்த வாரத்து மீன்பாடு, படகு போய்வந்த பாதை எல்லாம் ஒரே இடத்தில் தெரிய வேண்டும். நான் முப்பரிமாணத்தில் ஒரு கடலையே விரித்து, அதன் மேல் காற்று அம்புகளை ஓடவிட்டு, லேப்டாப்பில் காட்டினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். மறுநாள் விடிகாலை இறங்குதளத்தில் ஒரு பெரியவர் தன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"தம்பி, கறுப்பா ஒரு கட்டந்தான் தெரியுது. இதுல வாடை எங்க, கச்சான் எங்க?"

அவர் கேட்டது காற்றுகளின் பெயர். பழைய போன். முப்பரிமாணப் படத்தை வரைந்து தரும் வெப்ஜிஎல் அதில் கிளம்பவே இல்லை. இரண்டு வார வேலை அந்தக் கறுப்புக் கட்டத்துக்குள் போய்விட்டது. பிழை போனில் இல்லை. நான் லைப்ரரியை முதலில் பிடித்துவிட்டு, எதை வரைவது, யார் பார்ப்பது என்பதைப் பிறகு யோசித்தேன். நண்டு வலையை வாங்கிவைத்துக்கொண்டு சூடை மீனுக்குப் போன கதை. அதற்குப் பிறகு நான் பழகிக்கொண்ட வரிசைதான் கீழே இருப்பது. ஜாவாஸ்கிரிப்ட் கொஞ்சம் தெரிந்து, படம் வரைவதில் இப்போதுதான் இறங்குகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதல் படி: தாளில் எழுதுங்கள்

கம்ப்யூட்டரைத் திறக்காதீர்கள். பக்கத்தில் என்னென்ன படங்கள் வரப்போகின்றன என்று ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் மூன்று விஷயம் குறியுங்கள். ஒரே நேரத்தில் திரையில் எத்தனை உருப்படி இருக்கும்? பார்ப்பவர் அவற்றைத் தனித்தனியே தொட வேண்டுமா? அது நகருமா, சும்மா நிற்குமா?

என் தாளில் ஐந்து இருந்தன. முதலாவது காற்று வட்டம்: வடக்கே வாடை, கிழக்கே கொண்டல், தெற்கே சோழகம், மேற்கே கச்சான், நடுவில் ஒரு முள். (ஊருக்கு ஊர் பெயர் கொஞ்சம் மாறும், உங்கள் கரையில் கேட்டு எழுதுங்கள்.) இரண்டாவது மீன்பாட்டுப் பட்டை வரைபடம்: நண்டு, கணவாய், இறால், சூடை என்று ஏழெட்டுப் பட்டைகள். மூன்றாவது தொண்டியிலிருந்து தனுஷ்கோடி வரை கரை வரைபடம், அதில் இறங்குதளப் புள்ளிகள். நான்காவது ஒரு படகு போய்வந்த பாதை, பல்லாயிரம் புள்ளிகள். ஐந்தாவது பக்கத்தின் தலையில் அழகுக்காகப் பாம்பன் பாலம் திறந்து மூடுவது.

இப்படி எழுதியதும் ஒன்று விளங்கியது. ஐந்தில் ஒன்றுக்குக்கூட முப்பரிமாணம் தேவையில்லை.

இரண்டாம் படி: மூன்று தளங்களைப் புரிந்துகொள்ளுங்கள்

லைப்ரரி எத்தனை இருந்தாலும் அடியில் பிரவுசர் தருவது மூன்றே வழிகள்தான்.

எஸ்விஜியில் நீங்கள் வரையும் ஒவ்வொரு வட்டமும் கோடும் பிரவுசர் நினைவில் தனி உருப்படியாக இருக்கும். அதைத் தொட்டால் எது தொடப்பட்டது என்று பிரவுசரே சொல்லும். எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காது. சிஎஸ்எஸ் வைத்து நிறம் மாற்றலாம். ஆனால் உருப்படி ஆயிரக்கணக்கில் போனால் விலை குறைந்த போன் திணறும்.

கேன்வாஸ் ஈர மணலில் விரலால் கீறுவது மாதிரி. கீறிய பிறகு அது வெறும் தடம். இங்கே ஒரு படகு இருந்தது என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது. படகு நகர வேண்டுமென்றால் மணலை அழித்துவிட்டு மறுபடி கீற வேண்டும். எதைத் தொட்டார்கள் என்பதை நீங்களோ உங்கள் லைப்ரரியோ கணக்குப் போட வேண்டும். பதிலுக்குப் பத்தாயிரம் புள்ளியை அலுங்காமல் வரைந்து தரும். 2004ல் ஆப்பிள் தன் டாஷ்போர்டுக்காகக் கொண்டுவந்தது, பிறகு எல்லாப் பிரவுசருக்கும் போனது.

வெப்ஜிஎல் போனின் கிராபிக்ஸ் சிப்போடு நேரடியாகப் பேசும். முதல் பதிப்பு 2011ல் வந்தது. வேகத்தில் இதை அடிக்க முடியாது. ஆனால் சிப்பும் டிரைவரும் மனது வைத்தால்தான் கிளம்பும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே போன் அழைப்பு வந்து, பேசி முடித்துத் திரும்பினால், படம் காணாமல் போயிருக்கலாம்; கான்டெக்ஸ்ட் லாஸ்ட் என்பார்கள். அதையும் நீங்கள்தான் கையாள வேண்டும். இதற்கு அடுத்த தலைமுறையான வெப்ஜிபியு 2023ல் குரோம் 113 பதிப்போடு வந்தது. புதியவர்கள் அதை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள்.

மூன்றாம் படி: எந்தப் பிரவுசர்கள்?

பழைய பாடங்களைப் படித்தால் இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்காக ஒரு பாடு பட்டிருப்பார்கள். அந்தக் காலத்தில் அதற்கு எஸ்விஜி தெரியாது, விஎம்எல் என்ற தன் சொந்த மொழிதான் தெரியும். 2008ல் வந்த ரஃபேல் லைப்ரரி புகழ் பெற்றதே இரண்டு மொழிக்கும் நடுவில் நின்று மொழிபெயர்த்ததால்தான். எக்ஸ்புளோரர் 9, 2011ல்தான் எஸ்விஜியைக் கற்றுக்கொண்டது. 2022 ஜூன் 15ல் மைக்ரோசாப்ட் எக்ஸ்புளோரருக்கு விடை கொடுத்துவிட்டது. ஆகவே ரஃபேலைப் பரிந்துரைக்கும் கட்டுரை கண்ணில் பட்டால் தேதியைப் பார்த்துவிட்டுக் கடந்து போங்கள். அதை எழுதியவரே 2013ல் செய்த ஸ்னாப் எஸ்விஜியும் பல ஆண்டுகளாக அசைவில்லாமல் கிடக்கிறது.

இன்றைக்குப் பிரவுசர் பேதம் என்பது, உள்ளே இருந்து பக்கத்தை வரையும் மூன்று எஞ்சின்களின் பேதம். குரோம், எட்ஜ், சாம்சங் பிரவுசர் எல்லாம் ஒரு குடும்பம். பயர்பாக்ஸ் தனி. ஐபோன் தனி. நம் ஊரில் ஐபோனில் குரோம் போட்டிருந்தாலும் உள்ளே ஓடுவது சஃபாரியின் எஞ்சின்தான்; "குரோம்ல பார்த்தேன், சரியா வருது" என்று யாராவது சொன்னால் எந்தப் போனில் என்று கேளுங்கள். கேன்வாஸில் நிழல் மங்கலுக்கான பில்டர் வசதியைக் குரோமில் போட்டு ரசித்துவிட்டு ஐபோனில் தேடினால் பல பதிப்புகளில் இருக்காது. சஃபாரி அதைப் பல ஆண்டுகளாகச் சேர்த்துக்கொள்ளவில்லை.

நான்காம் படி: தொண்டி சோதனை

ஆங்கிலப் பாடங்களில் இந்தப் படி இருக்காது. நமக்கு இதுதான் முக்கியம், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

"தொண்டி" என்று எழுதிப் பாருங்கள். நம் கண்ணுக்கு மூன்று எழுத்து: தொ, ண், டி. ஜாவாஸ்கிரிப்டிடம் நீளம் கேட்டால் 6 என்று சொல்லும். த, கொம்பும் காலும் சேர்ந்த குறி, ண, புள்ளி, ட, விசிறி என்று அது எண்ணுகிறது. அதிலும் அந்த ஒகரக் குறி சேமிப்பில் தகரத்துக்குப் பின்னால் வந்தாலும், திரையில் பாதி முன்னாலும் பாதி பின்னாலும் போய் உட்கார வேண்டும். இந்த இடம்மாற்றும் வேலையைப் பிரவுசரின் எழுத்து எஞ்சின் செய்கிறது. எஸ்விஜி எழுத்தும் கேன்வாஸ் எழுத்தும் அந்த எஞ்சின் வழியாகவே போகின்றன, அதனால் சரியாக வரும்.

வெப்ஜிஎல்லில் எழுத்து என்று ஒன்று கிடையாது. லைப்ரரி தானே எழுத்துருவைப் பிரித்து, ஒவ்வொரு குறியாக எடுத்து, வந்த வரிசையில் அடுக்கும். ஆங்கிலத்துக்கு அது போதும். தமிழில் கொம்பு தன் எழுத்தை விட்டு நகர்ந்து நிற்கும், புள்ளி பக்கத்தில் தனியாக மிதக்கும். வெப்ஜிஎல்லில் வரையும் லைப்ரரிகளான த்ரீ.ஜேஎஸ்ஸில் முப்பரிமாண எழுத்து செய்யும் வசதி, பிக்ஸியில் பிட்மேப் எழுத்து (முன்பே படமாக வைத்திருக்கும் எழுத்து), பி5 லைப்ரரியின் வெப்ஜிஎல் பாங்கு மூன்றிலும் இதே கதி. பிக்ஸியின் சாதாரண எழுத்து மட்டும் தப்பிக்கும். அது முதலில் கேன்வாஸில் எழுதி, அந்தப் படத்தை எடுத்து ஒட்டுகிறது. வெப்ஜிஎல்லில் ஓடும் மேப் லைப்ரரிகளிலும் இந்தத் தகராறு நெடுநாளாக உண்டு. எந்தப் பதிப்பானாலும் நம் ஊர்ப் பெயர்களைப் போட்டுப் பார்க்காமல் கை வைக்காதீர்கள்.

நான் எப்போதும் போடும் வரி: "தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை, தங்கச்சிமடம்". ஒகரம், ஏகாரம், ஐகாரம், புள்ளி எல்லாம் இதில் வந்துவிடும். லைப்ரரியின் மாதிரிப் பக்கத்தில் இந்த ஒரு வரியை ஒட்டிப் பார்த்தாலே பாதி முடிவு தெரிந்துவிடும்.

இதே சோதனையில் இன்னும் சில. எழுத்து ஒவ்வொன்றாகத் தோன்றும் அசைவு, எழுத்துக்கு எழுத்து இடைவெளி, வளைவான பாதையில் எழுத்து, இவற்றை ஒரு லைப்ரரி சரத்தை (ஸ்ட்ரிங்) ஒவ்வொரு குறியாகக் கொத்தித்தான் செய்கிறதென்றால் தமிழ் சிதறும். நீங்களே பிரிக்க வேண்டியிருந்தால் பிரவுசரிலேயே இருக்கும் இன்ட்ல் செக்மென்டரைக் கூப்பிடுங்கள். தொ, ண், டி என்று ஒழுங்காகப் பிரித்துத் தரும். பயர்பாக்ஸில் அது 2024ல்தான் வந்தது, பழைய பதிப்புக்கு மாற்று வழி வையுங்கள். ஸ்ரீயையும் க்ஷவையும் அதுவும் இரண்டாகப் பிரித்துவிடும், கவனம். காற்று வட்டத்தில் நான் முதலில் பெயர்களை வட்டமாக வளைத்து எழுதத்தான் ஆசைப்பட்டேன். பிரவுசருக்குப் பிரவுசர் ஒவ்வொரு விதமாக வந்தது. விட்டுவிட்டு நேராக எழுதினேன். பெரியவர்களுக்கும் படிக்க அதுதான் வசதி.

இன்னொரு பொறி எழுத்துரு. கேன்வாஸில் எழுதும் நேரத்தில் உங்கள் தமிழ் எழுத்துரு இறங்கி முடிந்திருக்காவிட்டால், பிரவுசர் கைக்குக் கிடைத்த எழுத்துருவில் எழுதிவிட்டு அப்படியே விட்டுவிடும். எஸ்விஜி மாதிரி பிறகு தானாக மாற்றிக்கொள்ளாது. பக்கத்தின் வேறெந்த இடத்திலும் அந்த எழுத்துரு பயன்படவில்லை என்றால் வரையும் நேரத்தில் அது இறங்கியிருக்காது. ஆகவே முதலில் டாக்குமென்ட் பான்ட்ஸின் லோடு செயலைக் கூப்பிட்டு, வந்து சேர்ந்த பிறகு வரையுங்கள்.

ஐந்தாம் படி: மங்கல்

புதியவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி: "லேப்டாப்பில் பளிச்சென்று இருந்த கேன்வாஸ் போனில் ஏன் பிசுபிசுவென்று தெரிகிறது?"

சிஎஸ்எஸ் கணக்கில் 360 பிக்சல் அகலமுள்ள போன் திரையில் உண்மையில் 1080 பிக்சல் இருக்கலாம். அந்த மடங்குதான் டிவைஸ் பிக்சல் ரேஷியோ, இங்கே 3. நீங்கள் 360க்கு 240 என்று கேன்வாஸ் செய்தால் பிரவுசர் அதை மூன்று மடங்கு இழுத்து ஒட்டும், மங்கும். செய்ய வேண்டியது: கேன்வாஸின் உள் அளவை 1080க்கு 720 ஆக்குங்கள், சிஎஸ்எஸ் அளவை 360க்கு 240லேயே விடுங்கள், வரையும் முன் அளவுகோலை 3 மடங்கு ஆக்குங்கள். பிறகு பழைய எண்களிலேயே வரையலாம்.

ஆனால் 3 மடங்கு என்றால் பிக்சல் எண்ணிக்கை 9 மடங்கு. அந்தச் சின்னப் படமே நினைவில் சுமார் 3 எம்பி பிடிக்கும். தொண்டி முதல் தனுஷ்கோடி வரை ஒரே கேன்வாஸ் என்று 2000க்கு 2000 எடுத்து 3ஆல் பெருக்கினால் 3.6 கோடி பிக்சல். ஐபோன் சஃபாரி பல பதிப்புகளில் 1,67,77,216 பிக்சலுக்கு மேல் ஒப்புக்கொள்ளாது. பிழைச் செய்தி எதுவும் பக்கத்தில் வராது, வெறும் வெள்ளை. நான் மடங்கை 2க்கு மேல் போகவிடுவதில்லை.

இதை லைப்ரரி தானாகப் பார்த்துக்கொள்கிறதா என்று கேளுங்கள். சார்ட்.ஜேஎஸ்ஸும் கோன்வாவும் (எது எதற்கு என்பது அடுத்த படியில் வரும்) பார்த்துக்கொள்ளும். த்ரீ.ஜேஎஸ்ஸில் நீங்கள் சொல்ல வேண்டும். பிக்ஸியிலும் சொல்ல வேண்டும்.

ஆறாம் படி: இப்போது லைப்ரரி

காற்று வட்டத்துக்கு நான் லைப்ரரியே எடுக்கவில்லை. எட்டுக் கோடு, நான்கு பெயர், ஒரு முள். கையால் எழுதிய எஸ்விஜி நாற்பது வரி. புதியவர்கள் இதை நம்ப மாட்டார்கள், ஆனால் பாதிப் படங்கள் இப்படித்தான். கையால் எழுத அலுப்பாக இருந்தால் எஸ்விஜி.ஜேஎஸ் என்ற சிறிய லைப்ரரி இருக்கிறது.

மீன்பாட்டுக்குச் சார்ட்.ஜேஎஸ். கேன்வாஸில் வரைகிறது, பாடம் எளிது. விதவிதமான வரைபடம் வேண்டுமென்றால் ஈசார்ட்ஸ்; அது கேன்வாஸ், எஸ்விஜி இரண்டிலும் வரையும், ஒரே அமைப்பில் மாற்றிக்கொள்ளலாம். டி3யைப் பற்றி ஒரு வார்த்தை. 2011லிருந்து பேர் பெற்றது, ஆனால் அது வரைபட லைப்ரரி இல்லை, வரைபடம் செய்வதற்கான உளிப் பெட்டி. நாளைக்குள் ஏழு பட்டை வேண்டும் என்பவர் அதில் இறங்கினால் நாளை மறுநாளும் அச்சுக்கோடு வரைந்துகொண்டிருப்பார். சாதாரண வரைபடத்தில் அடங்காத ஒன்றைச் சொந்தமாகச் செய்ய வேண்டியவருக்கு அதைவிட நல்லது இல்லை. சில வரைபட லைப்ரரிகள் மாதிரிப் பக்கத்தில் இலவசம் போலத் தெரிந்தாலும் வணிகத்துக்குக் கட்டணம் கேட்கும், ஹைச்சார்ட்ஸ் அப்படி. லைசென்ஸ் வரியைப் படிக்காமல் வாடிக்கையாளரிடம் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கரை வரைபடத்துக்கு லீஃப்லெட். சுருக்கினால் 42 கேபி அளவுதான். அதில் ஊர்ப் பெயர்ச் சீட்டை ஹெச்டிஎம்எல்லாகவே போடலாம், அதனால் தமிழ் ஒருபோதும் சிதறாது. நான் இதை எடுத்ததற்கு முதல் காரணமே அதுதான். அடியில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொது வரைபடத்தைப் போட்டால் அவர்கள் பெயரை மூலையில் காட்டுவது கட்டாயம்.

படகுப் பாதையை லீஃப்லெட் வழக்கமாக எஸ்விஜியில் வரையும். ஒரு படகுக்குப் பிரச்சினை இல்லை. பல படகுகளை ஒன்றாகப் போட்டதும் இழுக்க இழுக்கத் திக்கியது. கேன்வாஸை விரும்பு என்று ஒரே ஒரு அமைப்பை மாற்றினேன், ஓடிவிட்டது. லைப்ரரி மாறவில்லை, அடியில் தளம்தான் மாறியது. இப்படித் தளத்தை மாற்ற இடம் தருகிற லைப்ரரிக்கு நான் எப்போதும் இரண்டு மதிப்பெண் கூடுதலாகப் போடுவேன். டூ.ஜேஎஸ் இந்த எண்ணத்தோடே எழுதப்பட்டது.

மற்றவை சட்டென்று: பொருள்களை இழுத்து வைக்கும் பலகை மாதிரி ஏதாவது செய்தால் கோன்வா அல்லது ஃபேப்ரிக். ஆயிரக்கணக்கில் உருவங்கள் ஓடும் விளையாட்டு என்றால் பிக்ஸி. உண்மையிலேயே முப்பரிமாணம் வேண்டுமென்றால் த்ரீ.ஜேஎஸ். படம் வரையும் நிரலைக் கற்றுக்கொள்வதற்கே என்றால் பி5. பள்ளிப் பிள்ளைகளுக்கு அதைத்தான் கொடுப்பேன், வாடிக்கையாளர் பக்கத்தில் போட மாட்டேன், கனம் அதிகம்.

ஏழாம் படி: அரை நாள் ஒத்திகை

இரண்டு லைப்ரரி மனதில் நின்றால், இரண்டிலும் உங்கள் படத்தில் மிகக் கடினமான துண்டை மட்டும் அரை நாளில் செய்து பாருங்கள். எளிய துண்டு எதிலும் வரும்.

எனக்குக் கடினம் பாலத்தில் வந்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் தூக்குப் பகுதி நேராக மேலே எழும்பும். அது சுலபம், ஒரு தொகுதியை மேலே நகர்த்தினால் முடிந்தது. 1914ல் வந்த பழைய பாலத்தில் இரண்டு இறக்கைகள் நடுவில் பிரிந்து, அடியில் உருண்டபடி நிமிரும். அதையும் காட்டலாமே என்று சிஎஸ்எஸ்ஸில் சுழற்றினேன். இறக்கை பாலத்தை விட்டுப் பறந்து பாக் நீரிணையில் போய் விழுந்தது. எஸ்விஜி உருப்படியைச் சிஎஸ்எஸ்ஸில் சுழற்றும்போது மைய அச்சு அந்த உருப்படியின் நடுவில் இருக்காது, மொத்தப் படத்தின் இடது மேல் மூலையில் இருக்கும். அதை மாற்றும் வழிகளைப் பழைய பிரவுசர்கள் ஆளுக்கொரு மாதிரி புரிந்துகொண்டன. எஸ்விஜியின் சொந்த டிரான்ஸ்பார்ம் பண்பில் கோணத்தோடு அச்சுப் புள்ளியின் இரண்டு எண்களையும் சேர்த்துக் கொடுத்தேன். எல்லாவற்றிலும் ஒரே மாதிரி எழுந்தது.

ஒத்திகை நேரத்திலேயே அந்த லைப்ரரியின் கடைசிப் பதிப்பு எப்போது வந்தது, பிழை சொன்னவர்களுக்குப் பதில் கிடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். முடிவான பிறகு பதிப்பு எண்ணைப் பூட்டி, கோப்பை உங்கள் சர்வரிலேயே வையுங்கள்.

எட்டாம் படி: வெயிலில் பாருங்கள்

வீட்டுக்குள் பார்த்துவிட்டு முடிந்தது என்று சொல்லாதீர்கள். பத்து மணி வெயிலில் இறங்குதளத்தில் நின்று பார்த்தபோது என் இளநீலக் கோடுகள் ஒன்றுகூடத் தெரியவில்லை. கருநீலத்துக்கு மாற்றி, கோட்டைத் தடிப்பாக்கினேன். ஈரக் கையால் தொடும்போது சின்னப் புள்ளி சிக்காது. தொடும் வட்டத்தைக் கண்ணுக்குத் தெரியாமல் 44 பிக்சலுக்குப் பெரிதாக்கினேன். வரைபடத்தில் விரல் வைத்தால் பக்கம் நகராமல் மாட்டிக்கொண்டது; டச் ஆக்‌ஷன் என்ற சிஎஸ்எஸ் அமைப்பால் மேலும் கீழும் இழுப்பதைப் பக்கத்துக்கே விட்டுக்கொடுத்தேன், வரைபடத்தை நகர்த்த இரண்டு விரல்.

கரையை விட்டுப் போனால் சிக்னல் இருக்காது. இணையம் இல்லாதபோதும் பக்கத்தைத் திறக்க உதவும் சர்வீஸ் வொர்க்கர் போட்டுப் பக்கத்தையும் கடைசியாக வந்த எண்களையும் போனிலேயே வைத்தேன். எத்தனை மணிக்கு வந்த எண் என்பதும் கூடவே தெரியும்படி செய்தேன். பழைய காற்றைப் புதுக் காற்று என்று யாரும் நம்பிவிடக் கூடாது.

படம் எதுவுமே கிளம்பாத போனுக்காக, ஒவ்வொரு படத்துக்கும் அடியில் ஒரு வரி எழுத்தாகவே வைத்திருக்கிறேன்: "காற்று: கச்சான், நடுத்தரம்." அந்தப் பெரியவர் போனில் இப்போது முள்ளும் சுற்றுகிறது. ஆனால் அவர் பார்ப்பது அந்த வரியை மட்டும்தான் என்று போன வாரம் சொன்னார்.